சின்ன ஹீதன் குழுவின் ஆண்டுச் சுற்று: புளோட், சும்பெல், பந்தி நடத்தும் முறை

பழைய நார்டிக் தெய்வங்களை வணங்குகிற, பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட ஹீதன் குழுவை நடத்தக் கோயில் கட்ட வேண்டியதில்லை. பரம்பரைப் பூசாரியும் வேண்டாம். தேதி மாறாமல் கூடி, கூடிய இடத்தில் வயிறாரச் சாப்பிடும் குழு நிலைக்கும். சடங்கை மட்டும் பிரமாதமாகச் செய்துவிட்டுப் பந்தியைக் கோட்டை விடும் குழு இரண்டாவது குளிர்காலத்தைத் தாண்டுவது கடினம்.

ஓடின், தோர், ஃப்ரேயர், ஃப்ரேயா முதலான பழைய நார்டிக் தெய்வங்களை வணங்கும் இந்தச் சமயம் இன்று பல நாடுகளில் உயிரோடு இருக்கிறது. ஐஸ்லாந்தில் 1972-இல் ஒரு சங்கமாகத் திரண்டு, 1973-இல் அரசு அங்கீகாரம் பெற்றது. அதன் முதல் தலைவர் ஸ்வெய்ன்பியோர்ன் பெய்ன்டெய்ன்சன் ஆடு மேய்த்த விவசாயி, கவிஞரும்கூட. பிரிட்டன், ஜெர்மனி, வட அமெரிக்கா போன்ற இடங்களில் பெரும்பாலும் ‘கிண்ட்ரெட்’ எனப்படும் சிறு குழுக்கள்தான். வீட்டுக் கூடத்திலோ காட்டோரத்திலோ கூடுகின்றன. கீழே சொல்வது அப்படிப்பட்ட ஒரு கிண்ட்ரெட்டுக்கு, குளிர் நாட்டு நிலைமையை வைத்து.

தேதியை முதலில் கட்டுங்கள்

13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்து எழுத்தாளர் ஸ்நோரி ஸ்டுர்லுசன் எழுதிய இங்லிங்கா சாகா (சாகா என்றால் பழைய நார்டிக் கதைநூல்) மூன்று படையல்களைச் சொல்கிறது: குளிர்காலம் தொடங்கும்போது நல்ல ஆண்டுக்காக, நடுக்குளிரில் விளைச்சலுக்காக, கோடை தொடங்கும்போது வெற்றிக்காக. ஐஸ்லாந்துச் சங்கம் இவற்றோடு ஜூன் பிற்பகுதியில் திங்வெட்லிர் சமவெளியில் ஒரு புளோட்டையும் (படையல் சடங்குக்கு அதுதான் பெயர்) சேர்த்து நான்காக நடத்துகிறது. சின்னக் குழுவுக்கு இந்த நான்கே போதும். ஐஸ்லாந்தில் கோடையின் முதல் நாள் ஏப்ரல் 19 முதல் 25-க்குள் வரும் வியாழக்கிழமை. இன்றும் அது அரசு விடுமுறை. குளிர்காலத்தின் முதல் நாள் அக்டோபர் பிற்பகுதியில் வரும் சனிக்கிழமை. நடுக்குளிர்ப் படையலான யூல் திருநாளைப் பெரும்பாலோர் டிசம்பர் 21-ஐ ஒட்டிய கதிர்த் திருப்பத்தில் கொண்டாடுகிறார்கள். நார்வே மன்னர் ஹாக்கோன் 10-ஆம் நூற்றாண்டில் அதைக் கிறிஸ்துமஸோடு ஒட்டி வைக்கும் முன், நடுக்குளிர் இரவில்தான் தொடங்கியது என்று ஸ்நோரி எழுதுகிறார். அதனால் சில குழுக்கள் நிலாக் கணக்குப் பார்த்து ஜனவரியில் வைப்பார்கள். இரண்டும் சரியே. ஒன்றைத் தேர்ந்துவிட்டால் மூன்று வருடத்துக்கு மாற்றாதீர்கள்.

அடுத்த ஆண்டுக்கான நான்கு தேதிகளையும் அக்டோபர் கூட்டத்திலேயே அறிவித்துவிடுங்கள். வேலை நாளில் விழுந்தால் அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளலாம், ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். ‘எந்த நாள் எல்லோருக்கும் வசதி?’ என்று ஒவ்வொரு முறையும் வாக்கெடுப்பு நடத்தினால், எல்லோருக்கும் வசதியான நாள் வரவே வராது. விழா நழுவி நழுவிக் கடைசியில் நின்றுபோகும். நான்கே பேர் வந்தாலும் அறிவித்த நாளில் நடத்துங்கள்.

இடமும் நெருப்பும்

வெளியில் நடத்துவதென்றால் நில உரிமையாளரின் அனுமதியும், நெருப்பு மூட்ட உள்ளூர் விதியும் முதலில். கோடை வறட்சியில் பல ஊர்களில் திறந்தவெளி நெருப்புக்குத் தடை இருக்கும். அன்று மூன்று லாந்தர் விளக்குகளை வைத்துக்கொண்டால் போதும், படையல் குறைந்துவிடாது. நெருப்பு மூட்டலாம் என்றால் 60 சென்டிமீட்டர் அகலக் குழி, இரண்டு மணி நேரத்துக்கு 25 கிலோ நன்கு காய்ந்த கட்டை, பக்கத்தில் 20 லிட்டர் தண்ணீர். ஈரக்கட்டை புகைந்தால் பாதிப் பேர் இருமிக்கொண்டே சடங்கை முடிப்பார்கள். ஆகவே கட்டையைக் குறைந்தது ஒரு கோடை முழுக்கக் கூரையடியில் உலர்த்த வேண்டும்.

கூட்டம் வரும் முன்பே ஒருவர் போய், அந்த இடத்தைக் காக்கும் லாண்ட்வைத்திர்களுக்கு ஒரு கிண்ணம் பாலோ ரொட்டியும் வெண்ணெயுமோ வைத்து, வந்திருப்பதைச் சொல்லிவிடுவது முறை. கப்பல் கரையை நெருங்கும்போது முகப்பிலுள்ள கடல்நாகத் தலையைக் கழற்றிவிட வேண்டும், நிலக்காவலர்கள் மிரளக் கூடாது என்று ஐஸ்லாந்தின் பழைய சட்டமே சொன்னது. அந்த மரியாதையின் இன்றைய வடிவம்: ஒலிபெருக்கி வேண்டாம்; கிளையை ஒடிக்க வேண்டாம்; பிளாஸ்டிக் ரிப்பன் கட்ட வேண்டாம். சாக்லேட், உலர்திராட்சை, வெங்காயம் மூன்றையும் வெளியில் விடாதீர்கள்; அவை நாய்க்கு நஞ்சு. மதுவை மரத்தின் வேரிலேயே ஒவ்வொரு முறையும் ஊற்றினால் அந்த மரம் சோர்ந்துபோகும், இடத்தை மாற்றி மாற்றி ஊற்றுங்கள்.

புளோட் நடக்கும் விதம்

நார்வேயின் லாடே ஊரில் நடந்த படையலை ஸ்நோரி விவரிக்கும் பகுதிதான் பலருக்கும் அடிப்படை. கூடத்தின் நடுவில் நெருப்பு, மேலே கொப்பரையில் இறைச்சி, நெருப்பைச் சுற்றிக் கொண்டுவரப்படும் கிண்ணங்கள். முதல் கிண்ணம் ஓடினுக்கு, அடுத்தவை நியோர்டுக்கும் ஃப்ரேயருக்கும் நல்ல விளைச்சல், அமைதி வேண்டி, பிறகு இறந்த உறவினர் நினைவுக்கு. அன்று தெளிக்கப்பட்டது விலங்கின் இரத்தம். இன்று ஐஸ்லாந்துச் சங்கம் விலங்கு பலி கொடுப்பதில்லை. பெரும்பாலான குழுக்களும் தேன்மதுவையே தெளிக்கின்றன. பண்ணை வைத்திருப்பவர்கள் தாம் வளர்த்த ஆட்டைச் சட்டப்படி, கைதேர்ந்தவரைக் கொண்டு அறுத்துப் பந்தி வைப்பதுண்டு. நகரத்துக் குழு அதைத் தொடவே வேண்டாம்.

பன்னிரண்டு பேருக்கு ஒரு 750 மில்லி புட்டி கச்சிதம். ஆளுக்கு ஒரு வாய் 30 மில்லி என்றால் 360; மீதியில் பாதி தெளிக்க, பாதி நிலத்தில் ஊற்ற. ஒரு மரக்கிண்ணம், ஒரு கொம்பு, ஊசியிலை மரத்தின் ஒரு சிறு கொத்து. வேறு சாமான் வேண்டாம்.

எல்லோரும் நெருப்பைச் சுற்றி நின்றதும் நடத்துபவர் (ஆணானால் கோதி, பெண்ணானால் கித்யா என்பார்கள்) இன்று எதற்காகக் கூடியிருக்கிறோம் என்று இரண்டே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். பிறகு தோரின் சுத்தியலைக் காட்டி இடத்தைத் தூய்மைப்படுத்துவது. சிலர் நெருப்பை ஏந்தி ஒரு சுற்று வருவார்கள். அடுத்து அழைப்பு. கோடைப் படையலில் ஓடின் அல்லது தோர், விளைச்சலுக்கு ஃப்ரேயர், அக்டோபரில் டீசிர் எனப்படும் குலத்துத் தாய்மார். ஒரே படையலில் ஒன்பது தெய்வங்களை அழைக்கும் ஆசை புதிய குழுக்களுக்கு வரும். ஒன்றோ இரண்டோ பேரை அழைத்து, அவர்களைப் பற்றி நிறையச் சொல்லுங்கள். அழைத்தபின் கொம்பில் மதுவை ஊற்றி, அதன்மேல் தெய்வத்தின் பெயரைச் சொல்லி, சுற்றுக்கு விட வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு வார்த்தையோ ஒரு வரியோ சொல்லி ஒரு வாய் குடித்து அடுத்தவரிடம் கொடுப்பார். நடத்துபவர் மிச்சத்தைக் கிண்ணத்தில் கவிழ்த்து, ஊசியிலைக் கொத்தைத் தோய்த்து முதலில் நெருப்பின் நாற்புறமும், பிறகு கூடியவர்கள் மீதும் தெளிப்பார். ‘டில் ஆர்ஸ் ஓக் ஃப்ரிதர்’ (நல்ல விளைச்சலுக்கும் அமைதிக்கும்) என்று எல்லோரும் சொல்ல, கிண்ணத்தின் மீதியை நிலத்தில் ஊற்றி, அழைத்தவர்களுக்கு நன்றி சொன்னால் முடிந்தது. மொத்தம் முப்பது நிமிடம். மைனஸ் பத்து டிகிரிக் குளிரில் இருபதுக்குக் குறையுங்கள். 12 சதவீத மது சுமார் மைனஸ் ஐந்திலேயே பனியாகத் தொடங்கும், புட்டியைக் கோட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தைப் பார்த்துப் படிக்கலாமா என்றால், தாராளமாக. மனப்பாடம் மறந்து தடுமாறுவதைவிட அது மேல். ஆனால் இருட்டில் காகிதம் தெரியாது. நெற்றி விளக்கு ஒன்றைச் சிவப்பு ஒளியில் வைத்துக்கொண்டால் எதிரே நிற்பவர் கண் கூசாது.

கொம்பில் குடிப்பதற்கு ஒரு முறை உண்டு. நுனி மேல்நோக்கி இருக்கும்படி சாய்த்தால், காற்று திடீரென நுனிக்குள் ஏற, மது மொத்தமும் முகத்தில் பாயும். நுனியைப் பக்கவாட்டில் திருப்பி, மெல்ல மெல்லச் சுழற்றிச் சாய்க்க வேண்டும். புதியவருக்கு முன்கூட்டியே தண்ணீர் ஊற்றி ஒருமுறை காட்டிவிடுங்கள். கழுவுவது வெதுவெதுப்பான நீரில், மென்மையான புட்டித் தூரிகையால். வெந்நீரோ பாத்திரம் கழுவும் இயந்திரமோ பட்டால் உள்ளிருக்கும் மெழுகுப் பூச்சு உருகி, கொம்பு வெடிக்கும். சூடான பானமும் ஊற்றக் கூடாது. கழுவியபின் வாய் கீழாக இரண்டு நாள் உலர விட்டால் நாற்றம் தங்காது.

சளி, காய்ச்சல் பரவும் மாதங்களில் ஒரே கொம்பில் எல்லோரும் குடிப்பது வேண்டாம். விளிம்பைத் துணியால் துடைத்தாலும் பயனில்லை. கொம்பிலிருந்து அவரவர் குவளையில் ஊற்றிக்கொள்ளட்டும். குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர், கர்ப்பிணி, வண்டி ஓட்டுபவர், சிறுவர் எல்லோருக்கும் ஆப்பிள் சாறு நிரப்பிய இரண்டாவது கொம்பு அதே மரியாதையோடு சுற்றில் வர வேண்டும். யாரும் காரணம் சொல்லிக் கேட்கும் நிலை வரக் கூடாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூட ஆகாது.

சும்பெல்: பேச்சுக்குக் காவல்

சும்பெல் என்பது உட்கார்ந்து நடத்தும் கொம்புச் சுற்று. வழக்கமாக மூன்று சுற்று: முதலில் தெய்வங்கள், அடுத்து முன்னோரும் மறைந்தோரும், மூன்றாவதில் அவரவர் சாதித்ததைச் சொல்லலாம், நன்றி சொல்லலாம், அல்லது சபதம் ஏற்கலாம். ஒருவர் கொம்பை நிரப்பிக்கொண்டே வருவார். அவர் உட்காரக் கூடாது, குடிக்கவும் கூடாது. சுற்றின் தாளம் அவர் கையில்தான் இருக்கிறது.

நேரத்தை முன்பே கணக்கிடுங்கள். பன்னிரண்டு பேர், மூன்று சுற்று, ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் 72 நிமிடம். இருபது பேர் ஆனால் இரண்டு மணி நேரம். நடுவில் இடைவேளை இல்லாமல் தாங்காது. ‘இன்னும் ஒரு சுற்று’ என்ற குரல் கட்டாயம் எழும். நான்காவது சுற்றில்தான் அழுகையும் சண்டையும் வரும், எனவே மூன்றோடு நிறுத்துங்கள். அதன் பிறகு குடிக்க விரும்புகிறவர்கள் வேறு அறையில், வேறு குவளையில் குடிக்கட்டும்.

சபதம்தான் இந்தச் சமயத்தின் நரம்பு, அதனால் அதில் மட்டும் கறாராக இருங்கள். கூட்டத்தின் நடுவே சொன்ன சொல் சொன்னவரை மட்டுமல்லாமல் கேட்டவர்களையும் கட்டும் என்பது நம்பிக்கை. ஒருவர் மீறினால் குழுவின் நல்லூழே குறையும். ஆகவே சபதம் ஏற்க விரும்புகிறவர் முந்தின நாளே கோதியிடம் சொல்ல வேண்டும். அளக்கக்கூடியதாக, தேதியோடு, தவறினால் என்ன ஈடு என்பதோடு இருக்க வேண்டும். ‘நல்ல மனிதனாக மாறுவேன்’ என்பது சபதமில்லை. ‘அடுத்த யூலுக்குள் அப்பாவின் கையெழுத்துப் பிரதிகளை ஒழுங்குபடுத்தி முடிப்பேன்; தவறினால் பந்திக்கு முழு ஆட்டையும் நானே வாங்கித் தருவேன்’ என்பது சபதம். கேட்டுக்கொண்டிருப்பவர் யாரும் ‘இது உன்னால் ஆகுமா?’ என்று கேட்கலாம். கேட்பது உரிமை, அவமரியாதை ஆகாது. எழுதி வைக்க ஒரு நோட்டு, சாட்சியாக இருவர் கையெழுத்து.

தேன்மதுவை நீங்களே வடிக்க

கடையில் கிடைப்பது பெரும்பாலும் இனிப்பு மிகுந்தது. ஏப்ரல் படையல் முடிந்த வாரம் தொடங்கினால் யூலுக்கு அருமையாக இருக்கும். 1.2 கிலோ தேன், மொத்த அளவு 4.5 லிட்டர் வரும்வரை தண்ணீர், ஒரு 5 கிராம் பாக்கெட் ஒயின் ஈஸ்ட், பாக்கெட்டில் சொன்ன அளவு ஈஸ்ட் ஊட்டச்சத்து. இது 12 சதவீதத்தை ஒட்டி நிற்கும். பாத்திரம், குழாய், கரண்டி எல்லாவற்றையும் கிருமிநீக்கியில் முக்கி எடுங்கள். தேனைக் கொதிக்க வைக்காதீர்கள், மணம் போய்விடும். வெதுவெதுப்பான நீரில் கரைத்து, ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கிக் காற்று ஏற்றி, 25 டிகிரிக்கு ஆறியபின் ஈஸ்ட் இடுங்கள். காற்றுப்பூட்டு (உள்ளிருந்து வாயு போகும், வெளிக்காற்று நுழையாத அடைப்பான்) மாட்டி 18 முதல் 22 டிகிரியில் வைத்தால் ஒன்றிரண்டு நாளில் குமிழி விடும்.

பலருக்குத் தடைப்படுவது இங்கே: தேனில் சர்க்கரை உண்டு, ஈஸ்ட்டுக்குத் தேவையான நைட்ரஜன் இல்லை. ஊட்டச்சத்தைத் தவிர்த்தால் பாதியில் நின்றுபோகும், அழுகிய முட்டை நாற்றமும் வரும். ஊட்டச்சத்தை ஒரே முறையில் போடாமல் முதல் வாரத்தில் மூன்று தவணையாக, சிறிது நீரில் கரைத்து இடுங்கள். பொடியாகக் கொட்டினால் நுரை பொங்கித் தரையெல்லாம் ஓடும். ஐந்தாறு வாரத்தில் அடிவண்டல் படிந்ததும் வேறு ஜாடிக்கு மாற்றி, தெளியும்வரை மூன்று மாதம் விடுங்கள். அடர்த்திமானி இரண்டு வாரம் ஒரே எண்ணைக் காட்டினால்தான் புட்டியில் அடைக்கலாம். அவசரப்பட்டு அடைத்த புட்டி அலமாரிக்குள்ளேயே வெடிக்கும்; கண்ணாடிச் சில்லு ஆளைக் காயப்படுத்தும். வண்டல் போக ஐந்து புட்டி தேறும்: ஒரு புளோட், ஒரு சும்பெல், மூன்று அடுத்த ஆண்டுக்கு.

யூல் பந்தியும் பன்றி ரொட்டியும்

பழைய சாகாக்களில் யூல் மாலையில் ஒரு பன்றியை அழைத்து வருவார்கள். வீரர்கள் அதன் முதுகு மயிரில் கை வைத்துச் சபதம் எடுப்பார்கள். இன்று அதன் இடத்தில் பன்றி வடிவ ரொட்டி. ஒரு கிலோ மைதா, 550 மில்லி வெதுவெதுப்பான பால், 14 கிராம் உலர் ஈஸ்ட், 80 கிராம் வெண்ணெய், 60 கிராம் தேன், 18 கிராம் உப்பு. பத்து நிமிடம் பிசைந்து ஒரு மணி நேரம் உப்ப விடுங்கள். மாவில் ஒரு கிலோ உடலுக்கு, 350 கிராம் தலைக்கு, மீதி கால், காது, மூக்குக்கு. ஒட்டும் இடத்திலெல்லாம் தண்ணீர் தடவி அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் அடுப்பில் கழுத்து பிளந்துவிடும். கால்களை உடம்போடு ஒட்டிச் செய்யாமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். இல்லையேல் உப்பும்போது கூடிப்போய் மூட்டையாகத் தெரியும். மீண்டும் நாற்பது நிமிடம் உப்பியபின், முட்டை தடவி, அடுப்பில் வைக்கும் நொடிக்குச் சற்று முன் கத்தரிக்கோலைச் சாய்த்துப் பிடித்து முதுகு நெடுக நறுக் நறுக்கென்று வெட்டினால் மயிர் சிலிர்த்து நிற்கும். முன்னமே வெட்டினால் மாவு உப்பி வெட்டு மூடிக்கொள்ளும். 190 டிகிரியில் 20 நிமிடம், 170-இல் இன்னும் 25. காதுகளுக்கு அலுமினியத் தாள் சுற்றுங்கள், இல்லையென்றால் கருகும்.

சபதச் சுற்று முடிந்ததும் ரொட்டியை உடைத்துத் தெய்வத்துக்கும் மறைந்தவர்களுக்கும் ஒரு தட்டில் முதல் துண்டு. அந்தத் தட்டில் பந்தியிலுள்ள எல்லாமே கொஞ்சம் இருக்க வேண்டும், மிச்சம் மீதியில் எடுத்து வைப்பது இழுக்கு. பன்னிரண்டு பேருக்கு எலும்போடு 3 கிலோ ஆட்டிறைச்சி, 3 கிலோ உருளைக்கிழங்கு, இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு ஒரு பெரிய பாத்திரம் பட்டாணிக் கஞ்சி. ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டு வரச் சொன்னால் ஆறு பேர் இனிப்பும் மூன்று பேர் சிப்ஸும் கொண்டு வருவார்கள். முக்கியச் சாப்பாட்டை ஒருவர் பொறுப்பில் சமைத்துச் செலவைப் பகிர்ந்துகொள்வதே நடைமுறைக்கு ஒத்தது.

எதையும் ஆடம்பரமாக்க வேண்டாம். அளவுக்கு மீறிப் படைப்பதைவிடக் கேட்காமலிருப்பது மேல், கொடை எப்போதும் எதிர்க்கொடையை நாடும் என்கிறது ஹாவமால் என்ற பழைய நார்டிக் அறிவுரைப் பாடல். ஆறு மாதச் சம்பளத்தை ஒரு யூலில் கொட்டும் குழு அடுத்த யூலில் முகம் வாடி நிற்கும்.

வீட்டுக்குள் மட்டும்

அக்டோபர் படையலை ஒட்டி வரும் ஆல்ஃபாபுளோட்டை (ஆல்ஃபர் எனும் எல்ஃப்களுக்கான படையல்) குழுவாக நடத்தாதீர்கள். 11-ஆம் நூற்றாண்டில் ஸ்வீடன் வழியாகப் போன கவிஞர் சிக்வத், இந்தப் படையல் நடப்பதால் வீடு வீடாகக் கதவு சாத்தப்பட்டதைப் பாட்டாகவே எழுதி வைத்திருக்கிறார். அது குடும்பத்துக்கு மட்டும் உரியது. அந்த வாரம் குழுவுக்கு ஓய்வு.

விருந்தாளியும் புதியவரும்

ஹாவமாலின் தொடக்கமே விருந்தாளியைப் பற்றியது: முழங்கால் விறைத்து வந்தவனுக்கு நெருப்பு, உணவு, உலர்ந்த துணி, கை கழுவத் தண்ணீர், துடைக்கத் துண்டு. வாசலில் இவற்றுக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். புதியவரை நேரே சடங்குக்கு அழைக்காமல், இருவர் ஒரு காபிக் கடையில் சந்தித்துப் பேசிவிடுவது நல்லது. ரூன் எழுத்துகளையும் சூரியச் சக்கரத்தையும் நாஜிகள் திருடிப் பயன்படுத்தினார்கள். அந்த விஷத்தோடு இன்றும் சிலர் கதவைத் தட்டுகிறார்கள். இனத்தை வைத்து ஆளைத் தள்ளும் ஒரு அமைப்பை மறுத்து 2016-இல் பல குழுக்கள் ‘பிரகடனம் 127’-இல் கையெழுத்திட்டன. எண் ஹாவமாலின் 127-ஆம் செய்யுளைக் குறிப்பது. தீமையைக் கண்டால் தீமை என்று சொல் என்பது அதன் கருத்து. உங்கள் அழைப்பிதழிலேயே ‘எந்த இனத்தவருக்கும் இங்கே இடமுண்டு’ என்று எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் தவறான ஆள் அதைத் தனக்குச் சாதகமாகப் படித்துக்கொள்வார்; வர வேண்டியவர் தயங்கி நின்றுவிடுவார்.

நான்கு நாள் போக மீதி நாட்கள்

மாதம் ஒருமுறை சேர்ந்து ஏதாவது வேலை செய்யுங்கள்: விறகு பிளப்பது, ஒருவர் வீடு மாறினால் சாமான் ஏற்றுவது, நோயாளிக்கு வாரம் மூன்று நாள் சாப்பாடு கொடுத்தனுப்புவது. குழந்தை பிறந்தால் தண்ணீர் தெளித்துப் பெயர் சூட்டும் பழைய வழக்கத்தைக் குழுவே நடத்தலாம். இறப்பு நேர்ந்தால் குடும்பத்தின் சமயத்துக்குக் குறுக்கே போகாமல், ஒன்பதாம் இரவில் தனியாக ஒரு நினைவுக் கொம்பு வையுங்கள்.

பணத்துக்கு ஒரு டப்பா, ஒரு நோட்டு. ஒவ்வொரு படையல் முடிவிலும் கணக்கைச் சத்தமாக வாசிப்பது. கோதியும் பணப் பொறுப்பாளரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. கொம்பு, கிண்ணம், கொப்பரை யாருக்குச் சொந்தம் என்பதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள், இல்லையேல் குழு பிரியும்போது சண்டை அதில்தான் வரும். விலகுகிறவர் ஏற்ற சபதம் மிச்சமிருந்தால், அடுத்த யூலில் அவரை அழைத்தோ அவர் இல்லாமலோ ஈட்டைச் செலுத்தி, நோட்டில் கோடு போட்டு விடுவித்துவிடுங்கள். பிறகு அவர் திரும்பி வர விரும்பினால் வாசலில் தடை எதுவும் மிச்சமிருக்காது.